ஆடு புலி ஆட்டக் குழு படுத்துவிட்டதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சில வருடங்களாக ஓர் ஆடு புலி ஆட்டக் குழுவை நடத்தி வருகிறேன். வாட்ஸ்அப்பில் தொடங்கினோம், பிறகு டெலிகிராமுக்கு மாறினோம். இதே மாதிரி சின்னக் குழு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது, "எங்க குரூப் ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்பதுதான். பதில் அறிகுறிக்கு அறிகுறி மாறும். உங்கள் குழுவில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள்: போன ஏழு நாளில் எத்தனை ஆட்டம் முடிந்தது? எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை மெசேஜ் வந்தது என்பதெல்லாம் வேண்டாம். இருநூறு பேர் இருந்து இரண்டு ஆட்டம்தான் முடிந்தது என்றால் குழுவுக்கு உடம்பு சரியில்லை. பன்னிரண்டு பேர் இருந்து இருபது ஆட்டம் முடிந்திருந்தால் கவலையே வேண்டாம். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை, ஆட்டம் குறைந்த இடத்தில்தான் முளைத்தன.

இன்னொன்று, பலகைக்கு எண் வேண்டும். எண் இல்லாமல் எழுத்தில் ஆட முடியாது. நாங்கள் வைத்திருக்கும் முறை இது. உச்சி 1. அதன் கீழே முதல் வரிசை இடமிருந்து வலமாக 2 முதல் 7 வரை, இரண்டாம் வரிசை 8 முதல் 13, மூன்றாம் வரிசை 14 முதல் 19, அடிக்கோடு 20 முதல் 23. மொத்தம் 23 புள்ளிகள். உச்சியிலிருந்து நான்கு கோடுகள் இறங்கும்: 1-3-9-15-20, 1-4-10-16-21, 1-5-11-17-22, 1-6-12-18-23. இரு பக்கத்திலும் 2-8-14, 7-13-19 என்று ஓரக்கோடுகள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குறுக்குக்கோடு. புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆடுகள் ஒவ்வொன்றாகப் பலகையில் இறங்கிப் புலிகளை அசையவிடாமல் அடைக்கப் பார்க்கும். புலி, கோட்டில் பக்கத்தில் நிற்கும் ஆட்டைத் தாண்டி அடுத்த காலிப் புள்ளியில் இறங்கினால் அந்த ஆடு வெட்டுப்படும். இதைத் தாளில் வரைந்து, எண் போட்டு, படம் எடுத்துக் குழுவின் மேலே பின் செய்து வையுங்கள்.

ஆள் சேருகிறார்கள், ஆனால் யாரும் ஆடுவதில்லை

வருகிறவர்கள் ஒரு ஞாபகத்தோடு வருகிறார்கள். "சின்ன வயசுல திண்ணையில கரிக்கட்டையால கோடு போட்டு ஆடினது!" என்று எழுதுவார்கள். பத்துப் பேர் இதயம் போடுவார்கள். அத்தோடு சரி. அவர்கள் கையில் பலகை இல்லை, எழுத்தில் எப்படிக் காய் நகர்த்துவது என்றும் தெரியாது. கேட்கக் கூச்சம் வேறு.

"யாராவது ஆட வர்றீங்களா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பொதுவில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது தன் வேலை என்று யாரும் நினைப்பதில்லை. சேர்ந்த அன்றே பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஜோடி சேர்த்துவிடுங்கள்: "அக்கா, நீங்க ஆடு. தம்பி, நீங்க புலி. புலி 1, 4, 5-ல நிக்குது. அக்கா, முதல் ஆடு எங்கே?" எண்ணைப் பார்த்து "14" என்று ஒரு பதில் போட்டுவிட்டால் அவர் உள்ளே வந்துவிட்டார். வீட்டில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, புளியங்கொட்டையை ஆடாகவும் கூழாங்கல்லைப் புலியாகவும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கையால் தொட்டு நகர்த்துகிறவர்கள் ஆட்டத்தைப் பாதியில் விடுவது குறைவு.

ஆடாதவர்களையும் பிடித்து வைப்பது தினசரிப் புதிர். எங்கள் குழுவில் இரவு 9 மணிக்கு ஒன்று வரும். தொடக்கக்காரர்களுக்கான ஒரு புதிரைச் சொல்கிறேன். புலிகள் 1, 4, 5-ல். ஆடுகள் 2, 3-ல். இப்போது ஆட்டின் முறை. ஓர் ஆடு வைக்கலாம், ஒன்றும் வெட்டுப்படக் கூடாது. எங்கே வைப்பீர்கள்? 4-ல் நிற்கும் புலி 3-ஐத் தாண்ட முடியாது, ஏனென்றால் 2-ல் ஆடு இருக்கிறது. ஆனால் உச்சிப் புலி 3-ஐத் தாண்டி 9-ல் இறங்கிவிடும். ஆகவே 9-ல் வைத்தால்தான் தப்பிக்கலாம். ஒரே விடை, ஒரு நிமிட வேலை. இதற்கு விடை சொல்லிப் பழகியவர் அடுத்த வாரம் ஆட வந்து நிற்பார். விடையைக் காலையில்தான் போட வேண்டும். இரவே போட்டால் யோசிப்பவர்களின் சுகம் போய்விடும்.

விதியைப் பற்றி ஓயாத சண்டை

இந்தக் குழுக்களுக்கு வரும் பெரிய நோய் இதுதான்.

ஆடு புலி ஆட்டத்துக்கு அச்சடித்த ஒரே விதிப் புத்தகம் கிடையாது. வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஆட்டம். ஒருவர் புலிகளை உச்சியிலும் அதன் கீழே இரண்டிலும் வைத்துத் தொடங்குவார். இன்னொருவர் ஆடும் புலியும் மாறி மாறி, விரும்பிய இடத்தில் வைக்கலாம் என்பார். வெட்டு கிடைத்தால் கட்டாயம் வெட்ட வேண்டுமா, ஒரே முறையில் இரண்டு ஆட்டைத் தொடர்ந்து வெட்டலாமா, எத்தனை ஆடு போனால் புலி ஜெயித்தது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பதில் உண்டு. அத்தனையும் யாரோ ஒருவர் வீட்டில் நிஜமாக ஆடப்பட்டவை.

ஆரம்பத்தில் நான் செய்த தவறு எனக்கு இன்னும் வலிக்கிறது. ஓர் ஆட்டத்தில் வயதான உறுப்பினர் ஒருவர் தன் புலியை 3-லிருந்து உச்சியில் இருந்த ஆட்டைத் தாண்டி 6-ல் இறக்கினார். எதிரில் ஆடிய தம்பி, "நேர்கோட்டில்தானே தாண்டணும் ஐயா, உச்சியில வளையுதே" என்றார். "எங்க ஊர்ல உச்சியில வளையலாம்" என்றார் பெரியவர். பேச்சு நீண்டது. நான் நடுவில் புகுந்து, "சரியான விதி நேர்கோடுதான்" என்று எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது: "அப்பத்தா எனக்குச் சொல்லிக்கொடுத்தது தப்புன்னு சொல்றீங்களா தம்பி?" அடுத்த நாள் அவர் குழுவில் இல்லை.

அவர் கேட்டது நியாயம். நான் ஒரு விதியைத்தான் சொன்னேன், ஆனால் அவர் அப்பத்தாவைப் பொய்யாக்கிவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் குழுவில் "சரியான விதி" என்ற சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. "குழு விதி" உண்டு, "ஊர் விதி" உண்டு. இரண்டுக்கும் மரியாதை ஒன்றுதான்.

நடைமுறை இப்படி. ஆட்டம் தொடங்கும்முன் நான்கு விஷயத்துக்கு இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்: புலி எங்கே தொடங்கும், கட்டாய வெட்டு உண்டா, தொடர் வெட்டு உண்டா, எத்தனை ஆடு போனால் முடிவு. ஒன்றும் பேசாமல் தொடங்கினால் குழு விதி. எங்கள் குழு விதியில் புலிகள் 1, 4, 5-ல் தொடங்கும். பதினைந்து ஆடும் இறங்கும்வரை எந்த ஆடும் நகராது. வெட்டு கட்டாயமில்லை, ஒரு முறைக்கு ஒரு வெட்டு, நேர்கோட்டில் மட்டும். ஆறு ஆடு போனால் புலிக்கு வெற்றி, மூன்று புலியும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி. நீங்கள் வேறு மாதிரி வைத்துக்கொள்ளலாம். எழுதி வைத்திருப்பதுதான் முக்கியம்.

நடு ஆட்டத்தில் சண்டை வந்தால் அந்த ஆட்டத்துக்குக் குழு விதி. கிளம்பிய ஊர் விதியைத் தனியாக ஒரு நோட்டில், எந்த ஊர், யாரிடம் கற்றது என்ற விவரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் நோட்டில் முதல் பதிவு உச்சியில் வளையும் புலிதான். இப்போது மாதம் ஒருமுறை ஏதாவது ஓர் ஊர் விதியை எடுத்து எல்லோரும் அதன்படி ஆடுகிறோம். சண்டையாக வந்தது திருவிழாவாக ஆனது இப்படித்தான்.

ஆந்திராவின் புலி ஜூதம் ஆடியவர்களும், நேபாளத்தின் பாக் சால் ஆடியவர்களும் சில சமயம் வந்து சேர்வார்கள். பாக் சாலில் பலகை ஐந்துக்கு ஐந்து, 25 புள்ளி, நான்கு புலி, இருபது ஆடு, ஐந்து ஆடு போனால் புலிக்கு வெற்றி. இரு பக்கமும் பிசகாமல் ஆடினால் அது சமனில் முடியும் என்று கணினியில் கணக்கிட்டே காட்டிவிட்டார்கள். "இது நம்ம ஆட்டம் இல்லை" என்று அவர்களைத் தள்ளாதீர்கள். தனி டாபிக் திறந்து கொடுங்கள். ஆட்டை வைத்து அடைக்கத் தெரிந்தவர் எந்தப் பலகையிலிருந்து வந்தாலும் நமக்கு லாபம்.

எல்லோரும் புலிதான் கேட்கிறார்கள். ஆடு ஆடியவர் ஓடிவிடுகிறார்

புதியவர் கையில் ஆட்டைக் கொடுத்தால் சீக்கிரத்தில் ஐந்தாறு போய்விடும். "இது புலிக்குச் சாதகமான ஆட்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு ஒரு விஷயத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பலகையை உற்றுப் பாருங்கள். 2, 7, 14, 19, 20, 23 ஆகிய ஆறும் மூலைகள். அங்கே நிற்கும் ஆட்டைத் தாண்டி இறங்கப் புலிக்கு இடமே கிடையாது. குழு விதிப்படி உச்சியும் அப்படித்தான். ஆகவே முதல் ஆடுகள் மூலைக்குப் போக வேண்டும். அப்புறம் 2-லும் 14-லும் ஆடு இருந்தால் நடுவில் உள்ள 8-ம் பத்திரம். 7-ம் 19-ம் இருந்தால் 13 பத்திரம். 20 இருந்தால் 21-ஐ வெட்ட முடியாது, 23 இருந்தால் 22-ஐ வெட்ட முடியாது. 14-ம் 20-ம் கையில் இருந்தால் 15-ம் பத்திரம்தான், ஏனென்றால் இரண்டு கோட்டிலும் அதற்கு முதுகில் ஆள் இருக்கிறது. ஓரத்திலிருந்து உள்ளே வேலி போட்டுக்கொண்டே வருகிற மாதிரி. புலி சும்மா இருக்காது, அந்த இடங்களில் தானே போய் உட்கார்ந்து வேலியை உடைக்கப் பார்க்கும். ஆட்டத்தின் ருசியே அந்த இழுபறியில்தான்.

இதை ஒரு படமாகப் போட்டு, புதியவர் சேர்ந்ததும் அனுப்புங்கள். நான் இதுவரை அனுப்பிய எந்த வரவேற்புச் செய்தியும் இந்த ஒரு படம் செய்த வேலையைச் செய்யவில்லை. முதல்முறை மூன்று புலியையும் அடைத்தவர் குழுவை விட்டுப் போவதை நான் பார்த்ததில்லை.

கூடவே, ஒற்றை ஆட்டம் என்பதை எடுத்துவிடுங்கள். எப்போதும் ஜோடி ஆட்டம்: ஒருமுறை நீங்கள் புலி, ஒருமுறை நான். யார் குறைவாக ஆடு இழந்தார்களோ அவருக்கு வெற்றி. "எனக்குப் புலி" என்ற சண்டை அன்றோடு முடிந்தது.

ஆட்டம் பாதியில் நிற்கிறது

ஒரு நகர்வுக்கு 24 மணி நேரம். தாண்டினால் அட்மின் ஒரு நினைவூட்டல். 48 மணி நேரம் ஆனால் எதிராளிக்குப் புள்ளி, மனவருத்தம் இல்லாமல். வீட்டு விசேஷம், தேர்வு, உடம்பு முடியவில்லை என்று முன்பே சொல்லிவிட்டால் கடிகாரத்தை நிறுத்திவிடலாம். புலியும் ஆடும் இங்கும் அங்கும் ஆடிக்கொண்டே இருந்தால், அதே நிலை மூன்றாம் முறை வந்ததும் ஆட்டம் சமன்.

குட்மார்னிங், ஃபார்வர்டு, மனை விற்பனை

பெரிய விளக்கம் தேவையில்லை. அழியுங்கள். முதல்முறை தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "அண்ணே, இங்க ஆட்டம் மட்டும், கோவிச்சுக்காதீங்க." இரண்டாம் முறை சொல்லாமல் அழியுங்கள். மூன்றாம் முறை ஆளை எடுத்துவிடுங்கள். அட்மின் அனுமதித்தால்தான் சேர முடியும் என்ற அமைப்பை இயக்கிவையுங்கள். கட்சி, சாதி, மதப் பேச்சு வந்தால் இந்தப் படிகளையும் கடக்க வேண்டாம், உடனே அழித்துவிடுங்கள். டெலிகிராமில் பேச்சு சூடாகும்போது ஸ்லோ மோடு போட்டால் ஒவ்வொருவரும் அடுத்த மெசேஜுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியிலேயே பாதிக் கோபம் ஆறிவிடுகிறது.

பெண்கள் சத்தமில்லாமல் விலகுகிறார்கள்

இதைக் கவனிக்காமல் விட்டால் குழு முழுக்க ஆண்களாகிவிடும், ஏன் என்றும் தெரியாது. காரணம் பெரும்பாலும் பொதுவில் நடப்பதில்லை. வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய போன் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். நல்லா ஆடினீங்க என்று தனியாக ஒரு மெசேஜ், அப்புறம் நீங்க எந்த ஊர், அப்புறம் இரவில் ஒரு அழைப்பு. அவர் யாரிடமும் சொல்லாமல் வெளியேறிவிடுவார்.

நாங்கள் டெலிகிராமுக்கு மாறியதற்கு முதல் காரணம் இதுதான். அங்கே எண்ணை யாருக்கும் காட்டாமல் வைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் சேர்ந்ததும் அதை அமைத்துக்கொள்ள நாம்தான் சொல்லித்தர வேண்டும். குழுவில் கேட்டு, சம்மதம் வாங்காமல் யாருக்கும் தனி மெசேஜ் கூடாது என்பதை முதல் விதியாக எழுதிவையுங்கள்.

புகார் வந்தால் பொதுவில் ஆதாரம் கேட்காதீர்கள். தனியாக ஸ்கிரீன்ஷாட் வாங்குங்கள், அன்றே அந்த ஆளை எடுங்கள், புகார் சொன்னவர் பெயரை யாரிடமும் சொல்லாதீர்கள். "நல்ல ஆட்டக்காரர், ஒரு வாய்ப்பு கொடுக்கலாமே" என்று கேட்க ஆள் வரும். கொடுக்க வேண்டாம். அவரை வைத்துக்கொண்டால் சொல்லாமல் போகிற நான்கு பேரை இழப்பீர்கள். தொல்லை வெளியிலும் தொடர்ந்தால் மகளிர் உதவி எண் 181-ஐச் சொல்லுங்கள், தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதியக் கூட இருந்து உதவுங்கள்.

பழைய ஆட்கள் புதியவர்களை மட்டம் தட்டுகிறார்கள்

"இதுகூடத் தெரியாதா?" என்ற வரியைப் பார்த்தால் அந்தப் பழையவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். வாரத்தில் இரண்டு புதிரை அவர் தயாரிக்கட்டும். புதியவரோடு ஆடும்போது அவர் புலி ஆறுக்குப் பதில் ஒன்பது ஆடு வெட்ட வேண்டும் என்று வையுங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்பட்டது தன் திறமை தெரிய ஓர் இடம்தான்.

"பந்தயம் கட்டி ஆடலாமா?"

கூடாது. சும்மா ஐம்பது ரூபாய்தானே என்று தொடங்கும். 2025-ல் வந்த ஒன்றிய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. திறமை ஆட்டம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. நுழைவுக் கட்டணம் வாங்கி, ஜெயித்தவருக்குப் பணம் கொடுக்கும் போட்டியும் அதில் மாட்டிக்கொள்ளும். ஜெயித்தவர் பெயரை வாரம் முழுக்க மேலே பின் செய்து வையுங்கள், போதும்.

அட்மினுக்குப் பயம், அல்லது களைப்பு

"யாரோ எதையோ போட்டா என் மேல கேஸ் வருமா?" என்று கேட்பார்கள். அட்மினாக இருப்பதாலேயே பிறர் போட்ட பதிவுக்குப் பொறுப்பாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரிலும், கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும் சொல்லியிருக்கின்றன. அதற்காகப் புகார் வந்த பதிவை அப்படியே விட்டுவைக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்த்ததும் அழியுங்கள்.

களைப்புக்கு மருந்து இரண்டாவது அட்மின். முடிந்தால் மூன்றாவது. ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் நேரம் பிரிந்துகொள்ளும். ஒருவர் ஜோடி சேர்ப்பதை மட்டும் பார்க்கட்டும், ஒருவர் புகாரை மட்டும் பார்க்கட்டும்.

அதே முப்பது பேர், வளரவே இல்லை

பெரிய குழுக்களில் லிங்க்கை வீசினால் கூட்டம் வரும், ஆட்டம் வராது. நான் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, அந்த வாரம் முழுக்க விளம்பரம் அழித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரே வழிதான்: ஒருவர் ஒருவரைக் கூட்டி வர வேண்டும், சேர்க்கும்முன் அவரோடு நேரில் ஓர் ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். மெதுவாக வளரும். வந்தவர் தங்குவார்.

எங்களுக்கு ஆள் சேர்த்தது கோயில்தான் என்று சொல்ல வேண்டும். பழைய கோயில் மண்டபங்களில் கல் தரையில் செதுக்கிய ஆட்டக் கோடுகள் பல இடங்களில் இருக்கின்றன. உங்கள் ஊரில் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள் என்று கேட்டோம். படம் எடுக்கப் போனவர்கள் அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தார்கள், அவர்கள் ஆடிக் காட்டினார்கள், கூட நின்ற பேரப்பிள்ளைகள் குழுவுக்கு வந்தார்கள். படம் தெளிவாக வர வேண்டும் என்று கோட்டின் மேல் சாக்பீஸ் பூசுவதும், எண்ணெய் தடவுவதும், கீறுவதும் கூடவே கூடாது. மாலை வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் கோடு தானே நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும்.

முழு அமைதி

வாரக்கணக்கில் ஒரு மெசேஜ்கூட இல்லை. பொதுவில் "குரூப் உயிரோட இருக்கா?" என்று கேட்காதீர்கள், அதைப் படித்து இரண்டு பேர் வெளியேறுவார்கள். கடைசியாக உங்களோடு நல்ல ஆட்டம் ஆடியவர் யார் என்று தேடிப் பாருங்கள். குழுவிலேயே, அவர் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள்:

"அக்கா, போன தடவை நீங்க என் மூணு புலியையும் அடைச்சிட்டீங்க. திரும்பவும் 1, 4, 5. முதல் ஆடு எங்கே?"